மூன்றாம் ஓலை

ஜூன் 11, ஞாயிறு

இன்று வீட்டில் சோறு பொங்கவில்லை. கோயிலிலிருந்து வந்து பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். என் ஒரே மகள் பியூலாவுக்கும் அந்தப் பையனுக்கும் வருகிற பத்தொன்பதாம் தேதி விவாகம் என்று எங்கள் சபைக்குரு தவராஜ் ஐயர் முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் வாசித்தபோது காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே கிடந்தேன். இன்று போனேன். மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசித்து, தடை சொல்ல ஒருவரும் இல்லையென்றால்தான் எங்களுக்குள் கல்யாணம். வெள்ளைக்காரக் குருமார் காலத்து வழக்கம். "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே அறிவிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஐயர் ஒரு மூச்சு விடுவார். அந்த ஒரு மூச்சுக்குள் எழும்ப வேண்டும். என் அறுபத்திரண்டு வயதில் யாரும் எழும்பி நான் பார்த்ததில்லை.

நான் எழும்பினேன். கோயில் முழுக்கத் தலை திரும்பிற்று.

"காரணத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் ஐயர்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச காரணந்தான் ஐயா."

"எனக்குத் தெரியலையேம்மா. சபைக்கு முன்னால சொல்லுங்க."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் பேசிப் பிழைத்தவள் நான். கலெக்டரையே லைனில் காத்திருக்கச் சொன்னவள். என் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. ஆல்டரில் சிலுவை, பக்கத்தில் மின்விசிறிச் சத்தம், என் வாயைப் பார்த்தபடி முந்நூறு பேர். அவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் காரணம் தெரியும். தெரிந்தும் ஒரு வாய் திறக்கவில்லை. அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காரு ரோஸ்லின்" என்றார். என்னைக் கட்டினவர். அவர் எழும்பவே இல்லை.

"தடை ஏதும் அறிவிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டு ஐயர் பாட்டு எண்ணை வாசித்தார். எல்லாரும் எழும்பிப் பாடினார்கள். அதனால் நான் நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தவராஜ் ஐயரே, உம்மை இந்த தேவநேசபுரத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட விடமாட்டேன்.

ஜூன் 19, திங்கள்

இன்று அங்கே கல்யாணம். நான் ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கினேன். பல் பிடுங்கப் பாளையங்கோட்டைக்குப் போகிறேன் என்று அவர் சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். சாயங்காலம் வந்து முறுக்குக் கடித்துக்கொண்டு செய்தி பார்த்தார். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பேப்பரின் ஞாயிறு இணைப்பைப் பிரித்தேன். மதிவதனி என்று ஒருத்தி மதம், சமூகம் என்று வாராவாரம் எழுதுகிறாள். போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அறங்காவலரைப் பற்றி எழுதினாள். ஆள் இப்போது பதவியில் இல்லை. அதற்கு முன்னால் ஒரு மசூதி ஜமாத் தலைவர். அவரும் போனார். கத்தரிக்காயை அரிவாள்மணையில் வைத்தாற்போல் எழுதுகிறாள். கத்தலும் இல்லை, வசவும் இல்லை.

எனக்கு வேண்டியது இந்தக் கைதான்.

ஜூலை 3, திங்கள்

காலையில் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு, அதே கையோடு சென்னையில் அந்தப் பேப்பர் ஆபீசைப் பிடித்தேன். செய்தியாளர்கள் நம்பரைத் தரமாட்டோம் என்றான் ஒரு பையன். என்னிடமா! பேராயர் அலுவலகத்திலிருந்து பேசுகிற தொனியில் இரண்டு வார்த்தை சொன்னேன். தந்துவிட்டான்.

மதிவதனிக்குக் குரல் சின்னது. வயது முப்பதுக்குள் இருக்கும். நான் யார் என்று சொன்னேன்: ரோஸ்லின் ஞானசெல்வம், சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னேன்.

"எங்க ஐயரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்மா."

"ஐயரா? நீங்க சர்ச்னு சொன்னீங்க. பூசாரியைப் பத்தியா?"

"சபைக் குருவை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். உங்க பக்கம் பாஸ்டர்ம்பீங்க."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். சித்திரையில் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தவராஜ் ஐயர் போய் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டார். படைத்த பொங்கல். அங்கி போடவில்லை என்றாலும் ஐயர் ஐயர்தானே.

"அட, நல்லா இருக்கேம்மா! போட்டோ இருக்கா? இந்த மாதிரி விஷயம் இப்ப எழுதினா நிறைய பேர் விரும்பிப் படிப்பாங்க. உங்க பாஸ்டர்கிட்டயே பேசட்டுமா?"

நான் அவரைத் தூக்கில் போடக் கயிறு கொண்டுபோனால் இவள் அதில் மாலை கட்டப் பார்க்கிறாள். போட்டோ இல்லை, அவசரம் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

போனை வைப்பதற்குமுன் சும்மா கேட்பதுபோல் சொந்த ஊர் எது என்று கேட்டேன். விழுப்புரம் பக்கமாம். மதிவதனி என்கிற பெயரில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா பெயர் கேட்டேன். இளங்கோவாம். அதிலும் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துப் பெயர்களை வைத்து ஓர் ஆளைத் தெரிந்துகொள்ளவே முடியவில்லை.

ஜூலை 14, வெள்ளி

இரண்டாவது தடவை பேசினேன். இந்த முறை யோசித்து வைத்திருந்தேன்.

அசனப் பண்டிகையில் ஆட்டுக்கறியும் சோறும் ஊருக்கே பொங்கிப் போடுவோம். முதல் பந்தி பழைய குடும்பங்களுக்கு என்பது என் தாத்தா காலத்து ஒழுங்கு. தவராஜ் ஐயர் வந்த வருடமே அதை ஒழித்தார். வாசலில் சீட்டுக் குலுக்கி, எந்தச் சீட்டோ அந்தப் பந்தி. என் மாமியாரின் தம்பி, எண்பது வயது மனிதர், நான்காம் பந்தியில் உட்கார்ந்தார். கறியெல்லாம் தீர்ந்து எலும்பும் குழம்பும் விழுந்தது அவர் இலையில். நூறு வருடப் பாரம்பரியத்தை ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டார் என்று சொன்னேன்.

"முதல் பந்தியில உட்கார்ந்தவங்க யாரும்மா?"

"பழைய குடும்பங்க. கோயிலுக்குக் கல்லு சுமந்தவங்க."

"அப்ப கடைசிப் பந்தியில?"

"மத்தவங்க."

"மத்தவங்கன்னா?" கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "சாதியாம்மா?"

"சேச்சே! என்னம்மா பேசுதீங்க. நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்குள்ள அதெல்லாம் கிடையாது."

அவள் தாளில் எழுதுகிற சத்தம் கேட்டது. ஆயிரம் பேரின் மூச்சைக் கேட்டவள் நான். லைனில் இருக்கிறவர் பேசாமல் இருந்தாலும் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அவள் எழுதிக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க ஏன் இதை இப்ப சொல்றீங்க? சீட்டு முறை வந்து மூணு வருஷம் ஆச்சுன்னீங்களே."

அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 29, சனி

நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி பாதிக்கு இறங்கிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவருக்கு ரத்தக்கொதிப்பு, ஊறுகாயைத் தொடுவதில்லை. சனிக்கிழமை சந்தைக்குக் கனத்த பையோடு போய் வெறும் பையோடு திரும்புகிற மனிதரை நான் இவரிடம்தான் பார்க்கிறேன். பியூலாவுக்கு நார்த்தங்காய் என்றால் உயிர். அடுத்த தடவை உப்பை அள்ளிப் போட்டு வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, புதன்

ஐயர் பையன்களோடு கோயில் வளாகத்தில் அரைக்கால் சட்டை போட்டுப் பந்தடிக்கிறார். பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஐயரம்மா தலையில் முக்காடு போடுவதில்லை. மூன்றையும் மதிவதனியிடம் சொன்னேன்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது எதுவும் செய்தி இல்ல. உங்களுக்கு அவர்மேல ஏதோ பெரிய கோபம் இருக்கு. அது என்னன்னு சொன்னா ஒருவேளை அதுதான் செய்தியோ என்னவோ."

என் மகளைவிடச் சின்னவள் எனக்கு வைத்தியம் பார்க்கிறாள். பொரிந்து தள்ளியிருப்பேன்; காரியம் ஆக வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் சங்கக் கூட்டம். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு யார் என்ன பலகாரம் என்று பேசி முடித்து, பிளாரன்ஸ் மட்டும் எனக்காக நின்றாள். பிளாரன்ஸ் என் ஒன்றுவிட்ட தங்கை. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அக்கா, பியூலா கல்யாணத்துக்கு முன்னால ஐயர் ஆபீஸ் ரூமுக்குச் சாயங்காலம் சாயங்காலம் போவாள்லா? நான் பால் வாங்கப் போகையில பாத்திருக்கேன். அங்க வச்சுத்தான் அவ மனச மாத்திருப்பாரு போல."

"ஆமா. போவா" என்றேன்.

வீட்டுக்கு நடந்துவருகிற வழியெல்லாம் அதையே நினைத்தேன். பொய் ஒன்றும் இல்லை. அவள் போனாள். தனியாகப் போனாள், இருட்டுகிற நேரத்தில் வந்தாள். கதவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா, நான் பார்க்கவில்லை. சாத்தியிருந்தது என்று கேட்கிறவர் நினைத்துக்கொண்டால் அது அவரவர் பாடு.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஐயர் வயசுப் பெண்பிள்ளைகளைச் சாயங்காலத்தில் தனியாகக் கூப்பிட்டுவைத்துப் பேசுகிறார், சபையில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்றேன். மதிவதனியின் குரல் மாறிவிட்டது. சிரிப்பெல்லாம் இல்லை.

"இது பெரிய குற்றச்சாட்டும்மா. எனக்கு ஒரு பெயராவது வேணும். அந்தப் பொண்ணுகிட்ட நான் நேர்ல பேசணும். அவங்க சொல்லாம ஒரு வரி எழுத மாட்டேன்."

கூரைமேல் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த எழும்பவேண்டும் என்று நினைத்தேன், எழும்பவில்லை.

"பியூலான்னு ஒரு பிள்ளை" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்ச பிள்ளதான்."

நம்பர் கேட்டாள். பார்க்காமலே சொன்னேன்.

மோட்டாரை நிறுத்தும்போது முற்றமெல்லாம் தண்ணீர். துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தேன். பியூலாவுக்கு இதில் ஒன்றும் வராது. அவள் கல்யாணமானவள். ஐயரைத்தான் எழுதப்போகிறார்கள். அவர்தான் போகப்போகிறார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நல்ல பசி. ரொம்ப நாளைக்குப் பிறகு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

பிளாரன்ஸிடம் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். இன்று கோயிலில் ஐயர் கைகுலுக்க வாசலில் நின்றபோது நாலைந்து அம்மாமார் மகள்களைக் கூட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்ச்கூட இவ்வளவு சீக்கிரம் லைன் கொடுத்ததில்லை. ஐயர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைச் சபைக்கு முன்னால் நிற்க வைத்தீரே, இப்போது நீர் நில்லும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பியூலா வந்தாள்.

நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். கழுத்தில் நாங்கள் செய்துவைத்திருந்த செயின் இல்லை, மஞ்சள் கயிறு மாதிரி மெல்லிசாக ஏதோ ஒன்று. அவர் கூடத்திலிருந்து எழும்பி அவள் பின்னால் வந்து நின்றார். ஆச்சரியப்படவே இல்லை, நேற்றுப் பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"பேப்பர்லருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. ஐயர் உங்கட்டத் தப்பா நடந்தாரான்னு என் வீட்டுக்காரருக்கு முன்னால கேட்டா. என் நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. அம்மா, நீங்களா சொன்னீங்க?"

"நான் ஐயரைப் பத்தித்தான் சொன்னேன்."

"என் பேரைச் சொன்னீங்களா, இல்லியா?"

கிரைண்டரை நிறுத்தினேன். மாவு பதம் தப்பிவிடும் என்றுதான் நிறுத்தினேன்.

"நான் எதுக்கு ஐயர்ட்டப் போனேன்னு தெரியுமாம்மா? ஓலை எழுதச் சொல்லி. ரெண்டு வருசமாக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என்ன சொல்லுவாருன்னு நெனைக்கிய? 'அம்மா மனசு மாறட்டும், காத்திரு. தாய் அழுதுகிட்டு நிக்க நான் ஓலை வாசிக்க மாட்டேன்.' எங்க ரெண்டு பேரையும் உங்களுக்காக ரெண்டு வருசம் நிக்க வச்சவரு அவரு. கடைசியில நான் பதிவு ஆபீஸ்ல பண்ணிக்கிடுதேன்னு சொன்ன பெறகுதான் சரின்னாரு. அவரைப் போயி..."

தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நான் சொன்னதே காதில் விழாததுபோல் அப்பாவைப் பார்த்து, "அப்பா, இனிமே நீங்க வாங்க. நான் இங்க வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, இரண்டு வருடமாக இரண்டு பேரும் என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள். என் மனது மாறுமா மாறாதா என்று என் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட அவர் யார்? இது ஓலை வாசித்ததைவிட மோசம்.

மாவு புளித்த பிறகு பார்த்தால் உப்பே போடவில்லை.

செப்டம்பர் 13, புதன்

அவர் தானே காபி போட்டுக் குடித்தார். டம்ளரை நான் கழுவவில்லை.

செப்டம்பர் 20, புதன்

இந்தத் தடவை மதிவதனி கூப்பிட்டாள்.

"பியூலா உங்க பொண்ணுன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"நீ கேக்கலியே."

"பாஸ்டரைப் பத்தி நீங்க சொன்னதை எழுதப்போறதில்ல. விசாரிச்சேன், உண்மை இல்ல. ஆனா ஓலை வாசிக்கிற வழக்கத்தைப் பத்தி எழுதறேன். நாலைஞ்சு ஊர்ல விசாரிச்சாச்சு. உங்க பேரோ ஊர் பேரோ போட மாட்டேன். ஒரு தாய் எழுந்து நின்னாங்க, காரணம் கேட்டப்ப சொல்லலன்னு வரும். உங்க பக்கத்தை நீங்க சொன்னா, உங்க வார்த்தையிலயே போடறேன். ஏன் எழுந்தீங்க?"

எத்தனை பேர் இதையே கேட்பார்கள்!

"எழுதிக்க. அவளுக்கு நல்லது எதுன்னு பெத்தவளுக்குத் தெரியும்."

"அது காரணம் இல்லையேம்மா."

"அவ்வளவுதான் காரணம்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பையன் பேங்க் ஆபீசர், குடி கிடையாது, எங்கள் சபைதான், ஞானப்பாட்டு நன்றாகப் பாடுவான் என்றெல்லாம் அவள் விசாரித்து வைத்திருப்பாள். அதனால்தான் விடாமல் கேட்கிறாள். விசாரிக்கட்டும். எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று என் வாயால் சொல்லமாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

வந்துவிட்டது. அரைப்பக்கம். ஊர் பெயர் இல்லை, என் பெயர் இல்லை. ஆனால் "மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்ட அந்த ஆலயத்தில்" என்று எழுதியிருக்கிறாள். அது எந்தக் கோயில் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? சொல்லக் கூசுகிற காரணத்துக்காக ஒரு தாய் நின்றதாகவும், அந்தக் காரணத்தை அங்கே இருந்த அத்தனை பேரும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறாள். படித்து முடித்தபோது என்னைத் தெருவில் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் பிளாரன்ஸ்: "அக்கா, உங்களப் பத்தித்தான! நல்லா எழும்பி நின்னியக்கா. எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது." பிறகு சுற்றுவட்டச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துச் செயலர். பிறகு நாசரேத் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒரு மனிதர். அவர் மகளுக்கும் வருகிற மாதம் ஓலையாம், எப்படி நிறுத்துவது என்று என்னிடம் யோசனை கேட்டார். யாரும் காரணத்தைக் கேட்கவில்லை. என்ன நிம்மதி! அடுத்த கமிட்டித் தேர்தலில் என்னை நிறுத்தப்போகிறார்களாம். எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள் என்று செயலர் சொன்னார்.

மத்தியானம் கோழிக்கறி. அவர் வெறும் ரசம் ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 5, ஞாயிறு

தவராஜ் ஐயருக்கு மாற்றல். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சபை. பஸ் ஒரு நேரந்தான். விசாரணை ஒன்றும் வைக்கவில்லை. பேச்சு அடங்கட்டும் என்று பேராயர் அலுவலகத்தில் முடிவு எடுத்தார்களாம். அறிவிப்பை அவரையே வாசிக்க வைத்தார்கள். வாசித்துவிட்டு ஒரு மூச்சு விட்டார்.

யாரும் எழும்பவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

ஐயர் வந்தார். ஊரை விட்டுப் போகிற ஐயர் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது வழக்கம். என் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். காபி போடவில்லை.

நான் பரப்பின பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். எழுபத்தோராம் சங்கீதம் வாசித்து, என் வீட்டுக்காரருக்காகவும் எனக்காகவும் பியூலாவுக்காகவும் ஜெபம் பண்ணினார். அவள் பெயரைச் சொல்லும்போதே அந்தப் பையனின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். நான் கண்ணை மூடவில்லை. வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பினவர் வாசலில் நின்றார்.

"அன்னைக்கு நீங்க எழும்பினப்போ நான் பயந்துட்டேம்மா. நீங்க அந்தக் காரணத்தைச் சொல்லிருந்தா சபையில பாதிப்பேர் உங்க பின்னால எழும்பிருப்பாங்க. என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது, கல்யாணம் நின்னுருக்கும். நீங்க சொல்லாம இருந்ததுனாலதான் நடந்துது. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன்."

உண்மையாகத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்ல அந்த மனிதருக்குத் தெரியாது.

அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொம்பை எடுத்துக் கழுவினேன். கழுவின சொம்பையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒரே ஒரு சொல். அத்தனை பேர் எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சம் வந்தது என்று அவர் நன்றி சொல்கிறார்! என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை. சொல்லியிருக்க வேண்டும். உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 26, ஞாயிறு

ஐயர் வீடு காலி. வாசலில் ஒரு வாழைப்பழத் தார் மட்டும் தொங்குகிறது, யாரோ வழியனுப்பக் கொண்டுவந்தது. நான் சொன்னபடி செய்துகாட்டிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

சாயங்காலம் அவர் ஒரு பையில் வேஷ்டி, மாத்திரை, சவர டப்பா எல்லாம் எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க?"

"பிள்ளை வீட்டுக்கு. கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்."

"எத்தன நாளு?"

பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. அதை இழுத்தபடியே, முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஓலை எழுதக் கூட்டிட்டுப் போனது நான்தான் ரோஸ்லின். ஐயர் தாய் இல்லாட்டி தகப்பனாவது வந்து சொல்லணும்னாரு. நான் போயி, எனக்குச் சம்மதம்னு சொன்னேன். ஒனக்குக் கோவம்னா எம்மேல படணும். அவரு எனக்காக அடி வாங்கிட்டுப் போயிட்டாரு. நானும் பயந்துக்கிட்டு வாயத் தெறக்காம இருந்துட்டேன்."

அப்படியானால் இவரைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்துவிட்டு எவரையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜிப் சரியாகவில்லை. பையைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 10, ஞாயிறு

புதிய ஐயர் வந்தாயிற்று. நல்ல குடும்பம், நம்முடைய ஆட்கள். அப்பாவைப் பெற்றவர் பெயரைச் சொன்னதுமே யார் என்று தெரிந்துவிட்டது. நாற்பது நிமிடம் பிரசங்கம். அசனத்தில் சீட்டுக் குலுக்குவதை நிறுத்திவிடலாம் என்று கமிட்டிக்குள் போன முதல் நாளே நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். வாசலில் எல்லாரும் என்னிடம் நின்று பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து ஓர் ஆழாக்கு அரிசி போட்டேன். அதுவே மிஞ்சிவிட்டது.

டிசம்பர் 19, செவ்வாய்

கிறிஸ்துமஸ் பலகாரம் சுட ஆரம்பிக்கவில்லை. முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டு வடித்துவிட்டேன்.

பத்து மணிக்கு மதிவதனியைக் கூப்பிட்டேன். புதிய ஐயரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்கம்மா" என்று பேனாவை எடுத்துக்கொண்டாள். சத்தம் கேட்டது.

சொல்ல ஒன்றும் இல்லை. பிரசங்கம் நீளம் என்றேன். குரல் நல்ல குரல் என்றேன். அது செய்தி இல்லை என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அவள் பேசாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவ வீட்டுக்குப் போனியேம்மா" என்றேன். "வீடு எப்படி? காத்தோட்டமா இருக்கா? அவளுக்கு இருட்டு அடுப்படின்னா ஆகாது. அங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா, தனியா இருக்காங்களா? எங்க வீட்டுக்காரர் இப்ப அங்கதான் இருக்காரு, படியேறணுமா? முட்டு வலி அவருக்கு."

"அம்மா..."

"ஒண்ணும் பெரிசா வேண்டாம். நீ பாத்ததைச் சொன்னாப் போதும். அதுதான ஒன் வேலை."

"என்னால சொல்ல முடியாதும்மா. என்கிட்ட பேசறதுக்கு அவங்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க. பேரைப் போட்டுக்கோங்க, போட்டோகூடப் போட்டுக்கோங்க, எங்கம்மாகிட்ட மட்டும் என்னைப் பத்தி எதுவும் சொல்லிராதீங்கன்னாங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். நான் வைக்கட்டும் என்று காத்திருந்தாள். நான் வைத்தேன்.

என் வயிற்றில் பிறந்தவளைப் பற்றி என்னிடம் சொல்ல முடியாதாம். விழுப்புரத்துக்காரிக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதாம். அந்தப் பேப்பருக்கு ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார். நாளைக்கு அவருடைய நம்பரைப் பிடிக்க வேண்டும். இந்த மதிவதனியைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.